மதிலும் மலையும்

கடத்தூரிலிருந்து தெற்கே பொம்மிடியை நோக்கிச் செல்வோர் கண்ணில் சேர்வராயன் மலை படாமல் இராது. இத்தகைய மலைகளின் துணைகொண்டு, வழிதவறும் நிலையிலுள்ள இளையோரை மீட்கும் முறையைச் சமூகப்பணியில் ‘சாகச சிகிச்சை’ என்பர். அதன் வரலாற்றை நாம் சுருக்கமாகக் காண்போம்.

ஹிட்லரை எதிர்த்ததால் ஜெர்மனியைவிட்டு வெளியேற நேர்ந்த கல்வியாளர் கர்ட் ஹான், கப்பல் உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டுடன் இணைந்து, 1941இல் வேல்ஸிலுள்ள அபர்டோவியில் ‘அவுட்வேர்டு பவுண்டு’ பள்ளியை நிறுவினார். போரில் கப்பல் மூழ்கும்போது இளம் மாலுமிகளைக் காப்பது உடல்வலிமையைவிட மனவுறுதியே என்பது ஹோல்ட்டின் கருத்து. கடலும் மலையும் அங்கே வகுப்பறைகளாயின.

1960களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், குற்றம் புரிந்த சிறுவர் 60 பேர் இப்பயிற்சிக்கு அனுப்பப்பட்டனர். வழக்கமான முறையில் நடத்தப்பட்ட வேறு 60 பேரோடு ஒப்பிடுகையில், ஓராண்டுக்குப் பின் மீண்டும் குற்றத்தில் சிக்கியோர் இவர்களுள் குறைவு.

நம் சென்னை மாகாணம் 1920இலேயே, இந்தியாவில் முதன்முதலாகச் சிறுவர் சட்டம் இயற்றியது. 1925ஆம் ஆண்டின் போர்ஸ்டல் பள்ளிகள் சட்டம், சற்று மூத்த இளைஞரையும் சிறையிலிருந்து பிரித்துப் பள்ளிக்கு அனுப்பியது. தச்சும் நெசவும் கற்றனர். ஆயினும் மதில் அகலவில்லை.

பாறையேறும் தோழனின் கயிற்றைப் பிடித்திருப்பவன் கையில் ஓர் உயிர் ஒப்படைக்கப்படுகிறது. எவராலும் நம்பப்படாத சிறுவனுக்கு அந்நம்பிக்கையே மருந்து. சிறைக்கதவை நம் முன்னோர் திறந்து நூறாண்டு கடந்துவிட்டது. மலையடிவாரம்வரை அச்சிறுவனை அழைத்துச் செல்வது நம் கடனாக எஞ்சியிருக்கிறது.