இராவுத்தர் என்னும் சொல்

வலியசாலையிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது குதிரைமாளிகை. சுவாதித் திருநாள் மகாராஜா (ஆட்சி 1829–1846) எழுப்பிய அவ்வரண்மனையின் கூரைக்கீழ் 122 மரக்குதிரைகள் பாய்ந்து நிற்கின்றன. அவற்றைக் காட்டச் சென்றபோது, மலையாளப் பள்ளியில் பயிலும் நம் வீட்டுச் சிறுவன், "குதிரை ஏறுபவருக்குத் தமிழில் என்ன பெயர்?" என்று வினவினான். விடை நம் அலுவலக நண்பர் ஒருவரின் பெயரிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. அவர் இராவுத்தர்.

பரிமறவரைப் போற்றும் மரபு தமிழில் பழமையானது. புறநானூற்றில் 'குதிரை மறம்' என்றொரு துறையே உண்டு. நரியைப் பரியாக்கி மதுரைக்கு வந்த இறைவனை, மாணிக்கவாசகர் 'குதிரைச் சேவகன்' என்றார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் அருணகிரிநாதரோ, மயிலேறும் முருகனை 'இராவுத்தன்' என்றே அழைத்தார். இடையில் நிகழ்ந்தது யாது?

'ராஜபுத்ர' என்னும் வடசொல் பிராகிருதத்தில் 'ராவுத்த' எனத் திரிந்தது. அரசன் மகனைக் குறித்த சொல், நாளடைவில் குதிரைவீரனைக் குறிக்கலாயிற்று. மராத்தியில் ராவுத், கன்னடத்தில் ராவுத, தெலுங்கில் ரவுது என அது தெற்கே பரவியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாடு வந்த மார்க்கோ போலோ, கடல்வழியே ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்கியதையும், பேணத் தெரியாமையால் அவை விரைவில் மடிந்ததையும் எழுதியுள்ளார். குதிரையோடு, குதிரை அறிந்தோரும் தேவைப்பட்டனர். விசயநகரத்து இரண்டாம் தேவராயர் (1424–1446) முஸ்லிம் வீரர்களைத் தம் படையில் சேர்த்துக்கொண்டார். அருணகிரியார் அவர் காலத்தவர். அக்காலத்துக் கேட்போர்க்கு, இராவுத்தன் என்றால் மிடுக்குடன் பரி செலுத்தும் வீரனே கண்முன் தோன்றியிருப்பான்.

பின்னர் அச்சொல் தமிழ் முஸ்லிம்களுள் ஒரு சாராரின் பட்டப்பெயராய் நிலைத்தது. குதிரைப்படைகள் மறைந்தன, பெயர் வாழ்கின்றது. கேரளத்தில் குடியேறிய இராவுத்தர் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் தமிழே வீட்டுமொழி. நம் நண்பரும் தம் அன்னையாரிடம் தமிழிலேயே உரையாடுவார். நாமோ, நம் மக்களுடன் பாதி மலையாளத்தில் பேசுகிறோம்!

வடக்கே பிறந்து, பாசறைகளில் வளர்ந்து, முருகனுக்கும் முஸ்லிமுக்கும் ஒருங்கே பெயரான சொல் இது. வந்த சொல்லை வாழவைத்தது தமிழ். வந்த இடத்தில் தமிழை வாழவைப்பது நம் கடன். சிறுவனுக்கு இதனையே சொன்னோம், மறுநாள் நண்பரைக் கண்டதும் அவன், "உங்கள் குதிரை எங்கே?" என்றான், தமிழில்.