பத்ஹுல் முயீனில் ஒரு துப்பாக்கி

ஷாபிஈ மத்ஹபு ஓதப்படும் நம் மதரஸாக்களில் பத்ஹுல் முயீன் கிதாபைக் கையில் எடுக்காத மாணவர் அரியர். அதன் அறுப்பு, வேட்டை பற்றிய பகுதியில் ஒரு சிறு மஸ்அலா வருகிறது. அதுவரை தலையசைத்துக் கேட்டிருந்த பிள்ளைகள் அவ்விடத்தில் நிமிர்ந்து உட்காருவதை நாம் பல்லாண்டுகளாகக் கண்டு வருகிறோம். இரும்பினால் செய்து நெருப்பினால் எறியப்படும் குண்டைக் கொண்டு வேட்டைப் பிராணியை அடிப்பது ஹராம் என்பதே அந்த மஸ்அலா. அது கரிக்கிறது, பெரும்பாலும் விரைவில் உயிரைப் போக்கிவிடுகிறது என்று காரணமும் கூறப்படுகிறது. முற்காலத்துக் களிமண் உண்டைக்கோ அனுமதி உண்டு.

கிதாபின் ஆசிரியர் பொன்னானி இரண்டாம் ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்). அதை அவர்கள் நிறைவு செய்தது ஹிஜ்ரி 982இல். போர்ச்சுக்கீசியர் 1498இல் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய நாள்முதல் அக்கடற்கரை வெடிச்சத்தம் ஓயாத கரையாயிற்று. அந்தப் போராட்டத்தின் சரித்திரத்தைத் துஹ்பத்துல் முஜாஹிதீன் என்று அரபியில் எழுதி வைத்தவர்களும் அவர்களே. ஆகவே துப்பாக்கியைப் பற்றி அவர்கள் எழுதியது ஏட்டில் மட்டும் கண்ட சங்கதியன்று.

இங்கே சொற்களையும் சற்றே கவனிக்க வேண்டும். அரபியில் ‘புந்துக்’ என்பது முதலில் ஒரு கொட்டையின் பெயர். பிறகு அந்த வடிவிலான மண் உண்டைக்கு ஆயிற்று. நம்மவர் உண்டைவில்லில் வைத்து எறிந்தது அதுவே. ஈற்றில் துப்பாக்கிக்கே ‘புந்துக்கிய்யா’ என்று பெயர் அமைந்துவிட்டது. நாம் வழங்கும் துப்பாக்கி என்னும் சொல்லோ துருக்கியிலிருந்து வந்தது. வெடிமருந்து முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு என்று நம்மவர் சிலர் மேடையில் முழங்குவதுண்டு, அது சரியன்று. வெடியுப்பை அரபிகளே ‘சீனத்துப் பனி’ என்று அழைத்தனர்; அது எங்கிருந்து வந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டில் ஷாம் தேசத்து ஹஸன் அர்ரம்மாஹ், மரச்சாம்பலைக் கொண்டு வெடியுப்பைச் சுத்தி செய்யும் முறையை விரிவாக எழுதி வைத்தார். உண்மையான அந்தப் பெருமையே நமக்குப் போதும்.

நாம் வாழும் மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் சாலையில், பீர்முகம்மது அப்பா அடங்கியுள்ள தக்கலையைக் கடந்ததும் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை நிற்கிறது. 1741இல் குளச்சல் போரில் பிடிபட்டுப் பின் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டிலனாய் அங்கே பீரங்கி வார்த்தார். 1777இல் இறந்து அங்கேயே அடக்கமானார். அரசர் படைக்கு உரியதாயிருந்த கருவி, பின்னாளில் பயிர்க்காவலுக்கும் வேட்டைக்கும் மலையோரத்துக்கு வந்து சேர்ந்தது. வாய்வழியே கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி அது.

கெட்டிப்பதில் ஒரு வரிசை உண்டு. அது பிசகினால் சுட்டவனுக்கே கேடு. முதலில் கரிமருந்து. நூறு பங்கில் 75 வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம் என்பது பெயர்பெற்ற கலவை. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குப் பொருந்துமோ அதுவே பன்னிரண்டாம் எண் துப்பாக்கி. அதற்கு ஏறத்தாழ 5 கிராம் மருந்தும் 30 கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஈய ரவையும் அளவு. மருந்தின்மேல் கனத்த தக்கையை வைத்துக் கம்பியால் இறுக்க வேண்டும். இடையில் வெற்றிடம் விடலாகாது. விட்டால் குழல் வெடிக்கும். அதன்மேல் ரவை, ரவை உருண்டு விழாதிருக்க மெல்லிய தக்கை ஒன்று. நெருப்புப் பிடிக்கும் தொப்பியை எல்லாம் முடிந்த பிறகே பொருத்துவார்கள். மருந்தைக் கூட்டினால் வேட்டை கூடும் என்பது புதியவர்களின் மயக்கம். உண்மையில் ரவை சிதறிப்போகிறது, தோள்தான் நோகிறது.

எரிந்த மருந்தில் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் தங்குவதால், சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவி எண்ணெய் பூசியாக வேண்டும். இரண்டு பருவமழையும் பெய்யும் நம் பகுதியில் ஒரு நாள் அசட்டையாக இருந்தால் குழலில் துரு ஏறிவிடும். இரும்பையும் எஃகையும் முறுக்கி அடித்த பழைய குழல்களுக்கு ‘டமாஸ்கஸ்’ என்று பெயர். பெயர் திமிஷ்கின் பெயர். சரக்கோ பெரும்பாலும் பெல்ஜியத்திலும் பர்மிங்ஹாமிலும் செய்தது! 1884இல் பிரான்சில் தோன்றிய புகையில்லா மருந்தை இவற்றில் இட்டால் அழுத்தம் தாங்காமல் பிளந்துவிடும். கரிமருந்து மட்டுமே இவற்றுக்கு ஏற்றது.

இனி மஸ்அலாவுக்கு வருவோம். ஹாத்திம் தாயின் மகனார் அதிய்யு (ரலி) அவர்கள், வேட்டையில் எறியும் கோலைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். கூர்முனை பட்டு இறந்ததை உண்ணலாம், அகலப்பாடு பட்டு இறந்தது அடிபட்டுச் செத்தது, அதை உண்ணலாகாது என்பது கிடைத்த விடையின் கருத்து. ஈய ரவைக்கு முனை ஏது? அது உருண்டையானது, வேகத்தால்தான் உடலைத் துளைக்கிறது. இதனால் திமிஷ்கின் இப்னு ஆபிதீன் (ரஹ்), ஹனபி மத்ஹபின்படி அது கரிப்பும் கனமும் கொண்டு கொல்வதே என்று முடிவு செய்தார்கள். யமனின் ஷவ்கானியோ, அது உடலைத் துளைத்துச் செல்வதால் கூரியதற்கு ஒப்பு என்றார்கள். மாலிகிகளில் தர்தீர் (ரஹ்) அவர்களும் அனுமதித்தார்கள். கரிப்பு என்ற காரணம் திரித் துப்பாக்கியின் காலத்துக்கு நெருக்கமானது. இன்றைய ஆராய்ச்சிக்கு அது முழுதும் ஒவ்வாது. ஆயினும் விரைந்து கொல்லுதல் என்ற இரண்டாம் காரணம் இன்னும் அசையாமல் நிற்கிறது என்பதே நம் கருத்து.

மக்தூம் அவர்கள் தம் உஸ்தாது இப்னு ஹஜர் (ரஹ்) கூறிய ஒரு விலக்கையும் சேர்த்திருக்கிறார்கள். பெரிய பறவையின் சிறகு போன்றதில் மட்டுமே பட்டு அதைக் கிழிக்கும் என்று தேர்ந்த குறிகாரன் அறிந்திருப்பானாயின் அப்போது ஆகுமாகலாம் என்பது அது. துப்பாக்கி ஒரே குண்டை எறியும் காலத்தில் அது பொருந்தும். நூற்றுக்கணக்கான ரவையை விசிறி எறியும் குழலில் எது சிறகில் படும், எது நெஞ்சில் படும் என்று எந்தக் குறிகாரனால் கூற முடியும்? ஆதலால் வேட்டைக்குப் போன நம் முன்னோர் துப்பாக்கியோடு கத்தியும் கொண்டே போனார்கள். விழுந்த இடத்துக்கு ஓடி, உயிர் நிலைத்திருக்கக் கண்டால் பிஸ்மி சொல்லி அறுத்தார்கள். இல்லையேல் அதை விட்டுவிட்டார்கள்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் காட்டு வேட்டையே குற்றமாகிவிட்டது. மஸ்அலா மட்டும் பாடத்தில் இருக்கிறது. இப்போது பிள்ளைகள் வேறொன்று கேட்கிறார்கள்: காற்றுத் துப்பாக்கியில் நெருப்பும் இல்லை, மருந்தும் இல்லை, அது உண்டைவில்லோடு சேருமா? எறிவது ஈயமாயினும் தள்ளுவது காற்று. கரிப்பு இல்லாததால் களிமண் உண்டைக்கே அது அருகில் நிற்கிறது என்று நாம் சொல்கிறோம். ஆனால் அந்த உண்டை பட்டுச் செத்ததும் அடிபட்டுச் செத்ததுதான். கத்தி அங்கேயும் வேண்டும்.