அரசு நுகர்வுச் செலவு

பொதுச் சேவைகளுக்காக அரசு செய்யும் நடப்புச் செலவு. இந்தியாவில் இது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 10 விழுக்காடு.

சொற்பிறப்பு: ‘நுகர்தல்’ என்பது துய்த்தல், உண்பதும் மணம் முகர்வதும் அதில் அடங்கும். ‘செல்’ என்னும் வினையடியில் பிறந்த ‘செலவு’ பழந்தமிழில் பயணத்தைக் குறித்தது.

விளக்கம்: ஏற்காட்டு அரசு மருத்துவமனைச் செவிலியரின் சம்பளம், இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் ஆர்க்கிட் பூங்கா ஊழியர் ஊதியம் ஆகியவை இதில் சேரும். இச்சேவைகளுக்குச் சந்தை விலை இல்லாததால், ஆகும் செலவே அவற்றின் மதிப்பு. மலைப்பாதையில் புதிய சாலை அமைப்பது மூலதனச் செலவு; முதியோர் உதவித்தொகை பணமாற்றம். இவ்விரண்டும் சேரா.

மொத்த உள்நாட்டு உற்பத்தியில் இச்செலவின் பங்கு குறைந்தாலே சிக்கனம் என மகிழக் கூடாது. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலைக்கிராமங்களின் மருத்துவமும் பள்ளியும் அதற்குள்தான் இருக்கின்றன.