இழந்த மரபணுக்களின் சாட்சியம்: தொழுநோய்க் கிருமியின் மரபணுத்தொகையை முன்வைத்து

1995-இல் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயென்சே என்னும் பாக்டீரியத்தின் மரபணுத்தொகை முழுமையாக வரிசைப்படுத்தப்பட்டது. தனித்து வாழும் உயிரி ஒன்றின் டிஎன்ஏ முற்றாகப் படிக்கப்பட்டது அதுவே முதல்முறை. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றின: எத்தனை மரபணுக்கள், அவை எந்தெந்தப் புரதங்களை ஆக்குகின்றன என்று எண்ணிப் பட்டியலிடுவது. இருப்பதை எண்ணும் இந்த முறை பயனுள்ளது, ஆனால் போதாது. ஓர் உயிரி எதையெல்லாம் இழந்திருக்கிறது என்று பார்க்கும்போதுதான் அதன் வாழ்க்கை முறை தெளிவாகிறது. இதற்குத் தொழுநோய்க் கிருமியை விடச் சிறந்த சான்று இல்லை என்பது என் வாதம்.

மைக்கோபாக்டீரியம் லெப்ரே என்னும் இக்கிருமியை நார்வே மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். அன்று முதல் இன்றுவரை எந்தச் செயற்கை ஊடகத்திலும் அதை வளர்க்க முடியவில்லை. சுண்டெலியின் பாதத்திலும் ஆர்மடில்லோவின் உடலிலும்தான் ஆய்வுக்காகப் பெருக்கப்படுகிறது. காசநோய்க் கிருமி இரட்டிப்பாக ஏறத்தாழ 20 மணி நேரம் போதும். இதற்கு இரண்டு வாரம் வரை ஆகிறது. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டு, அதனால் 'டிஎன்' என்றே பெயரிடப்பட்ட ஒரு வகையைத்தான் பாரிஸின் பாஸ்டர் நிறுவனமும் பிரிட்டனின் சாங்கர் மையமும் வரிசைப்படுத்தி 2001-இல் முடிவை வெளியிட்டன.

முடிவு எவரையும் திகைக்க வைக்கும். அதன் டிஎன்ஏ நீளம் 32,68,203 காரத்துணைகள். காசநோய்க் கிருமிக்கு ஏறத்தாழ 44 லட்சம் காரத்துணைகளும் 4,000 மரபணுக்களும் உண்டு. தொழுநோய்க் கிருமியில் செயல்படும் புரத மரபணுக்கள் 1,604 மட்டுமே. 1,116 மரபணுக்கள் இடையில் நிறுத்தக் குறி புகுந்தும் எழுத்துகள் நழுவியும் செயலிழந்து போலி மரபணுக்களாகக் கிடந்தன. மொத்த நீளத்தில் பாதிகூட வேலை செய்யவில்லை. இடிந்த வீட்டின் அடித்தளத்தைப் பார்த்து அறைகள் இருந்த இடத்தைச் சொல்வதுபோல, இந்தச் சிதைவுகளை வைத்து மூதாதைக் கிருமிக்கு என்னென்ன திறன்கள் இருந்தன என்று சொல்ல முடிகிறது.

இழப்பின் சாட்சியம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு ஐசோனியசிட் மருந்தே போதும். அதைக் காசநோய்க் கிருமியின் கேட்-ஜி என்னும் நொதிதான் செயல்நிலைக்குக் கொண்டுவருகிறது. தொழுநோய்க் கிருமியில் அந்த மரபணு சிதைந்துவிட்டது. ஆகவே அம்மருந்து இதனிடம் எடுபடுவதில்லை. இரும்பைப் பற்றி இழுக்கும் மைக்கோபாக்டினை ஆக்கும் மரபணுக்களும் போய்விட்டன. சுவாசச் சங்கிலியின் முதல் கட்டத்துக்கான பெருந்தொகுதியும் அழிந்திருக்கிறது.

ஓம்புயிர் கொடுப்பதை ஒட்டுண்ணி தானே ஆக்குவதை நிறுத்திவிடும் என்ற விளக்கம் இங்கே உடனடியாக நினைவுக்கு வரும். நான் அதை முழுமையாக ஏற்கவில்லை. ட்ரோஃபெரிமா விப்ளெய் என்னும் பாக்டீரியத்துக்கு அது பொருந்துகிறது: பல அமினோ அமிலங்களை ஆக்கும் வழிகள் அதில் இல்லை என்று மரபணுத்தொகை காட்டியது, அவற்றை ஊடகத்தில் சேர்த்ததும் உயிரணுக்களின் துணையின்றியே அது வளர்ந்தது, 2003-இல். தொழுநோய்க் கிருமியோ பெரும்பாலான அமினோ அமிலங்களைத் தானே ஆக்கும் வழிகளைக் காத்து வைத்திருக்கிறது. அது இழந்தவற்றில் கூடுதலானவை உணவைச் சிதைத்து ஆற்றல் பெறும் வழிகள். கொடுக்கப்பட்டதை விட்டுவிட்டது என்ற கணக்கு இங்கே நேராகவில்லை. சிறு எண்ணிக்கையாகச் சுருங்கிய ஒரு கூட்டத்தில் இயற்கைத் தேர்வின் பிடி தளர, தீங்கான மாற்றங்களும் தங்கிவிட்டன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சிதைவு இன்னும் தொடர்கிறதா? மெக்சிகோ நாட்டு நோயாளிகளிடம் 2008-இல் இனங்காணப்பட்ட மைக்கோபாக்டீரியம் லெப்ரோமட்டோசிஸ் இதற்கு விடை தந்தது. அதன் மரபணுத்தொகை 2015-இல் வெளியானபோது, போலி மரபணுக்களில் பெரும்பாலானவை இரண்டு இனங்களுக்கும் பொது என்று தெரிந்தது. இவை பிரிந்து ஒரு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பேரழிவின் பெரும்பகுதி அதற்கும் முந்தையது. பிரேசிலில் கிடைத்த வகையும் தமிழ்நாட்டு வகையும் 99.995 விழுக்காடு ஒத்திருப்பது இதோடு இசைகிறது. மனித இனத்தோடு உலகெங்கும் பரவியது ஏற்கெனவே ஒடுங்கிவிட்ட கிருமிதான்.

மரபணுக்களை இப்படிப் படிப்பது நோயாளிக்கும் உதவுகிறது. தொழுநோய் மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி பணியவில்லையா என்று அறியச் சுண்டெலிப் பாதத்தில் பல மாதங்கள் காத்திருக்க வேண்டும். இன்று தோல் மாதிரியிலிருந்தே ஆர்பிஓ-பி மரபணுவின் ஒரு சிறு பகுதியை வரிசைப்படுத்திச் சில நாட்களில் சொல்லிவிடலாம். டாப்சோனுக்கு ஃபோல்-பி-1, ஆஃப்லாக்சசினுக்கு ஜிஒய்ஆர்-ஏ. எனினும் இம்முறை ஏற்கெனவே அறிந்த மாற்றங்களை மட்டுமே பிடிக்கும். வேறோர் இடத்தில் தோன்றும் எதிர்ப்பு அதன் கண்ணில் படாது. ஆகவே சுண்டெலிச் சோதனை நடத்தும் ஆய்வகங்களைச் செலவு மிகுதி என்று சொல்லி மூடுவதை நான் எதிர்க்கிறேன். புதிய எதிர்ப்பு எந்த மரபணுவில் பிறந்தது என்று தேடத் தொடங்குவதற்கு, உயிரோடு பெருகும் கிருமி ஒன்று மருந்தை மீறியதை யாராவது முதலில் பார்த்தாக வேண்டும்.