கம்ப்யூட்டரை மாத்தினா பிரிண்டர் ஏன் சாகுது?

"கம்ப்யூட்டர் புதுசு போட்டேன் சார், பிரிண்டர் நின்னுபோச்சு." திருத்தணியில் ஜெராக்ஸ் கடை, பத்திரம் எழுதுற இடம், தறிக்காரங்க கணக்கு எழுதுற ஆபீஸ்னு எங்க போனாலும் இந்தப் புகாரைக் கேட்கலாம். கவனிச்சுப் பாருங்க, இதுல பிரிண்டருக்கு ஒண்ணுமே ஆகல. நேத்து வரைக்கும் ஓடின அதே மிஷின், அதே டோனர், அதே கேபிள். மாறினது பக்கத்துல இருக்கிற பெட்டி மட்டும்தான். அப்புறம் இது ஏன் நிக்கணும்?

இதுக்குப் பதில் தேடப் போனா ஐம்பது வருஷக் கதை ஒண்ணு வருது. எனக்கு அதுல சுவாரசியமாப் பட்டது தமிழோட பங்கு. தமிழை எந்த பிரிண்டரிலும் அச்சடிக்க வழி செஞ்ச ஏற்பாடு எதுவோ, அதேதான் பிரிண்டரோட ஆயுசையும் குறைச்சது. எப்படின்னு பார்ப்போம்.

கேபிள்ல இருந்தே ஆரம்பிக்கலாம். 1970இல் அமெரிக்காவின் சென்ட்ரானிக்ஸ் நிறுவனம் தன் 101ஆம் மாடல் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை வெளியிட்டது. அதோட பின்பக்கத்தில் இருந்தது 36 ஊசி கனெக்டர். ஏன் 36? பெரிய பொறியியல் காரணம் எதுவும் கிடையாது. வாங் லேபரட்டரீஸ் நிறுவனம் கால்குலேட்டருக்காக வாங்கி வச்ச அந்த ரகக் கனெக்டர் 20,000 மிச்சம் கிடந்தது, அதை எடுத்துப் போட்டாங்க. அந்த மிச்சச் சரக்குதான் அடுத்த முப்பது வருஷத்துக்கு உலகம் பூரா பிரிண்டர் கேபிளோட வடிவத்தைத் தீர்மானிச்சது. 1981இல் ஐபிஎம் பிசி வந்தப்போ கம்ப்யூட்டர் பக்கம் 25 ஊசி, பிரிண்டர் பக்கம் பழைய 36 ஊசின்னு ஆச்சு. அந்த தடித்த கேபிள் இன்னும் நிறைய ஆபீஸ்ல மேஜைக்கு அடியில கிடக்கும்.

அந்த பிசியோட ஐபிஎம் தன் பெயரில் வித்த பிரிண்டர் உண்மையில் ஜப்பானின் எப்சன் எம்எக்ஸ்-80. எப்சன் தன் பிரிண்டர்களுக்காக வகுத்த கட்டளை மொழிக்கு ஈஎஸ்சி/பி என்று பெயர். ரொம்ப எளிமையான மொழி. 27, 69 என்ற ரெண்டு எண்ணை அனுப்பினா எழுத்து தடிமனாகும். 27, 70 அனுப்பினா பழையபடி ஆகும். சாதாரண எழுத்துக்குக் கட்டளையே வேண்டாம். 65 என்ற எண் போனா ஆங்கிலத்தின் முதல் எழுத்து, பெரிய 'ஏ', விழும். அந்த எழுத்து எந்தெந்தப் புள்ளியால் ஆனதுன்னு பிரிண்டருக்குள்ள இருக்கிற சிப்பிலேயே பதிஞ்சிருக்கும். அதாவது, அந்தப் பிரிண்டருக்குச் சொந்தமா எழுத்தறிவு உண்டு.

அந்த எழுத்தறிவுதான் அதைக் காப்பாத்துது. முப்பது வருஷப் பழைய டாட் மேட்ரிக்ஸை இன்னைக்கு வாங்கின கம்ப்யூட்டரோட, யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாத்துற கேபிள் ஒண்ணைப் போட்டு இணைச்சுப் பாருங்க. விண்டோஸ்ல 'ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி'ன்னு ஒரு டிரைவர் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தா பெரும்பாலும் பில் அடிச்சிடும். சீட்டுக்கு அடியில கார்பன் காப்பி விழணும்னா ஊசி அடிக்கிற இந்த ரகம்தான் வேணும்ங்கிறதால, பார்சல் ஆபீஸிலும் வங்கி பாஸ்புக் பதியற இடத்திலும் இந்த ரகம் இன்னும் கிர்ர் கிர்ர்னு ஓடிட்டிருக்கு.

ஆனா ஒண்ணு. அந்த வழியில ஆங்கில பில் வரும், தமிழ் வராது. ஏன்னா அந்த சிப்பில் தமிழ் கிடையாது.

இதுதான் எண்பதுகளின் பெரிய சிக்கல். தமிழில் 247 எழுத்து. கொம்பு, கால் எல்லாம் பிரிச்சுத் தனியா வச்சாலும் தேவைப்படுற வடிவங்கள் நூறைத் தாண்டும். ஒன்பது ஊசி இருக்கிற தலையில் 'ணி'யோட சுழியும் கொக்கியும் அழகா வரணும்னா தலை ஒரே வரியில ஒரு தடவைக்கு மேல போய் வரணும். அதனால தமிழை எழுத்தா அனுப்ப முடியல. புள்ளிப் புள்ளியா படமாத்தான் அனுப்பணும். அந்தப் படத்தை வரையற வேலை கம்ப்யூட்டர் தலையில விழுந்தது. கான்பூர் ஐஐடியில் உருவாகி, 1988இல் தொடங்கின சி-டாக் நிறுவனம் வளர்த்தெடுத்த ஜிஸ்ட் கார்டு அந்தக் காலத்துத் தீர்வுகளில் ஒண்ணு. கார்டைக் கம்ப்யூட்டருக்குள்ள செருகினா, ஆங்கிலத்துக்காக எழுதின டாஸ் புரோகிராமிலேயே இந்திய எழுத்துகள் வரும். ஒவ்வொரு மொழிக்கும் தனிச் செலவு, தனி முயற்சி.

இந்த நிலைமையை மாத்தினது விண்டோஸ். டாஸ் காலத்துல வேர்ட்ஸ்டார், லோட்டஸ்னு ஒவ்வொரு புரோகிராமும் தனக்குத் தனியா பிரிண்டர் டிரைவர் வச்சிருந்தது. 1990இல் வந்த விண்டோஸ் 3.0 பரவினப்புறம் அந்தப் பொறுப்பை இயங்குதளம் எடுத்துக்கிச்சு. 1992இல் 3.1 பதிப்போட ட்ரூடைப் ஃபாண்ட் வந்தது. இனிமே தமிழ் ஃபாண்ட் ஒண்ணைப் போட்டா போதும். பக்கத்தை விண்டோஸே வரைஞ்சு, டிரைவர் கையில கொடுத்து, எந்த பிரிண்டருக்கும் அனுப்பிடும். பிரிண்டருக்குத் தமிழ் தெரியணும்னே அவசியமில்ல. தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் எல்லாமே அதுக்கு வெறும் புள்ளி. சிப்பில் இடம் கிடைக்காத மொழிகளுக்கு முதல்முறையா சம அந்தஸ்து கிடைச்சது. கடை போர்டுல ரெண்டு மொழியும் பார்க்கிற திருத்தணி மாதிரி ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்ல வேண்டியதில்ல.

இப்போ இதோட மறுபக்கம். வரையற வேலையை எல்லாம் கம்ப்யூட்டரே செய்யுதுன்னா, பிரிண்டருக்குள்ள மூளை எதுக்கு? 1985இல் ஆப்பிள் வித்த லேசர்ரைட்டரின் விலை 6,995 டாலர். அதுக்குள்ள 12 மெகாஹெர்ட்ஸ் செயலியும் 1.5 எம்பி நினைவகமும் இருந்தது. அப்போதைய மேக்கின்டாஷில் 8 மெகாஹெர்ட்ஸும் 512 கேபியும்தான். கம்ப்யூட்டரைவிட பிரிண்டர் புத்திசாலி! போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மொழியில் அனுப்பினா பக்கத்தை அதுவே வரைஞ்சுக்கும். தொண்ணூறுகளில் கம்ப்யூட்டருக்கு வேகம் கூடினதும் தயாரிப்பாளர்கள் கணக்கைத் திருப்பிப் போட்டாங்க. மூளையை எடுத்துட்டா பிரிண்டர் விலை குறையுமே! இப்படி வந்ததுதான் 'ஹோஸ்ட் பேஸ்டு' ரகம். 2005இல் வந்த எச்பி லேசர்ஜெட் 1020 இதோட உச்சம். ஒவ்வொரு தடவை சுவிட்ச் போடும்போதும் அதோட உள் புரோகிராமையே கம்ப்யூட்டர்தான் ஏத்திவிடணும். விலை குறைஞ்சதால லேசர் அச்சு சின்னக் கடைக்கும் எட்டுச்சு. அந்த நன்மையை மறுக்க முடியாது. ஆனா டிரைவர் இல்லைன்னா இந்த ரகத்துக்கு ஆங்கிலமும் தெரியாது, எதுவுமே தெரியாது.

டிரைவர்னா ஒரு மொழிபெயர்ப்பாளர்னு வச்சுக்குங்க. எங்க ஊர் வரலாறே இதுக்கு நல்ல உதாரணம். 1953 அக்டோபர் 1ஆம் தேதி ஆந்திர மாநிலம் உருவானப்போ சித்தூர் மாவட்டத்தோட திருத்தணியும் அங்க போனது. ம.பொ.சி. முன்னின்று நடத்தின போராட்டம், அப்புறம் படாஸ்கரின் பரிந்துரை, கடைசியா 1960 ஏப்ரல் 1ஆம் தேதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. இத்தனைக்கும் மலை நகரல, படிக்கட்டு நகரல. மேல இருந்த நிர்வாகம்தான் மாறினது. ஊருக்குள்ள ரெண்டு மொழியும் தெரிஞ்ச ஜனங்க இருந்ததால வாழ்க்கை ஓடுச்சு. மலிவு பிரிண்டருக்குள்ள அப்படி யாரும் இல்ல. அதோட மொழிபெயர்ப்பாளர் குடியிருக்கிறது கம்ப்யூட்டர்ல. வீடு மாறினா அவரும் காணாமப் போயிடறார்.

வீடு எத்தனை தடவை மாறினதுன்னு பாருங்க. 2007இல் விஸ்டா வந்தப்போ பழைய ரக டிரைவர்கள் சிலது அடியோட ஒதுக்கப்பட்டன. 2014 ஏப்ரல் 8இல் எக்ஸ்பிக்கு ஆதரவு நின்னது. 2021இல் வந்த விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் டிரைவர் மட்டும் இருக்கிற பிரிண்டருக்கு அங்க கதவு மூடினது. 2023 செப்டம்பரில், தயாரிப்பாளர்கள் தனித்தனியா டிரைவர் தர்ற முறையையே படிப்படியா முடிச்சுக்கப் போறதா மைக்ரோசாப்ட் அறிவிச்சது. 2025 அக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கும் வழக்கமான ஆதரவு முடிஞ்சது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு கடைக்காரர் இதுக்கு ஒரு வழி வச்சிருக்கார். பழைய கம்ப்யூட்டரை மூலையில அப்படியே விட்டுட்டு, இன்டர்நெட் இணைப்பைப் பிடுங்கிட்டு, பென் டிரைவ்ல ஃபைலை எடுத்துட்டுப் போய் அதுல அச்சடிக்கிறார். "அந்த பிரிண்டர் கூட பேச அதுக்கு மட்டும்தான் தெரியும்" என்பது அவர் விளக்கம். ஆராய்ச்சி எதுவும் இல்லாமலே விஷயத்தின் மையத்தைச் சொல்லிட்டார்.

இந்த மொழிபெயர்ப்பாளரை நாமளே உருவாக்கிக்க முடியாதா? இந்தக் கேள்வியிலிருந்துதான் கட்டற்ற மென்பொருள் இயக்கமே பிறந்ததுன்னு சொல்லுவாங்க. 1980 வாக்கில் எம்ஐடி ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. பேப்பர் சிக்கினா எல்லாருக்கும் தகவல் போற மாதிரி அதைத் திருத்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூல நிரல் வச்சிருந்த ஒருத்தர், வெளியில தரமாட்டேன்னு ஒப்பந்தம் போட்டிருக்கேன்னு மறுத்துட்டார். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் க்னூ திட்டத்தை அறிவிச்சதுக்குப் பின்னால இந்தக் கசப்பும் இருந்தது. 1999இல் மைக்கேல் ஸ்வீட் வெளியிட்ட கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் இன்னைக்கு லினக்ஸிலும் மேக்கிலும் இருக்கு. மேலே சொன்ன லேசர்ஜெட் 1020 ரகத்துக்கு ரிக் ரிச்சர்ட்சன் என்பவர் 'ஃபூ2இசட்ஜேஎஸ்' என்ற டிரைவரை எழுதினார். தயாரிப்பாளர் லினக்ஸுக்காக எழுதாததை வெளியாள் ஒருத்தர் எழுதிக் கொடுத்தார்.

சரி, இப்போ கையில பழைய பிரிண்டர் இருக்கு, என்ன பண்ணலாம்? முதல்ல அது என்ன மொழி பேசுதுன்னு மேனுவல்ல பாருங்க. பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட்னு இருந்தா கவலை குறைவு. அந்த மாடலோட டிரைவரே இல்லாட்டியும் பொதுவான டிரைவர் ஒண்ணு பெரும்பாலும் ஒத்துப்போகும். டாட் மேட்ரிக்ஸா இருந்தா எப்சன் ஒன்பது ஊசி டிரைவரைப் போட்டுப் பாருங்க, தமிழையும் படமா அனுப்பும். ஹோஸ்ட் பேஸ்டு ரகமா இருந்து 64 பிட் டிரைவர் கிடைக்கலைன்னா, பழைய கம்ப்யூட்டர்லயோ ராஸ்பெர்ரி பையிலயோ லினக்ஸும் கப்ஸும் போட்டு, நெட்வொர்க்ல பகிர்ந்து பாருங்க. அந்த மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கணும்ங்கிறது மட்டும் நிபந்தனை. மூலையில இருக்கிற அந்தப் பழைய பெட்டிக்கு மரியாதையான வேலை இதுதான்.

புதுசு வாங்கறவங்க கடையில கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "இது டிரைவர் இல்லாம அடிக்குமா?" ஏர்பிரிண்ட் 2010இல் வந்தது, ஐபிபி எவ்ரிவேர் 2013இல் வந்தது. இதுல கம்ப்யூட்டரோ போனோ பக்கத்தைப் படமாத்தான் அனுப்புது, அதனால தமிழுக்குக் கிடைச்ச சம அந்தஸ்து போகல. ஆனா அந்தப் படத்தோட வடிவம் ஒரு கம்பெனியோட ரகசியமா இல்லாம பலரும் ஒத்துக்கிட்ட முறைப்படி இருக்கு. நாளைக்குக் கம்ப்யூட்டர் மாறினாலும் அந்த முறை தெரிஞ்சது எதுவும் பிரிண்டரோட பேசிக்கும். எம்எக்ஸ்-80க்கு ஆங்கிலத்துல கிடைச்ச நீண்ட ஆயுசு, தமிழ் அடிக்கிற பிரிண்டருக்கும் இனிமே கிடைக்க வழி இருக்கு. வாங்கும்போது கேட்டு வாங்கினா.