சாம்பல் பொழிந்த படகு

அமெரிக்க ஆக்கிரமிப்புக் காலத் தணிக்கை 1952-ல் விலகியதும் ஹிரோஷிமா ஜப்பானியத் திரைக்கு வரத் தொடங்கியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரக் கதை ஒரு மீன்பிடிப் படகில் தொடங்குகிறது.

1954 மார்ச் 1, விடியற்காலை. பிகினி பவளத்தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. ஹிரோஷிமா குண்டைவிட ஏறத்தாழ 1,000 மடங்கு வலுவானது. அறிவித்த ஆபத்து எல்லைக்கு வெளியே சூரை மீனுக்குத் தூண்டில் விட்டிருந்த 'ஐந்தாம் ஃபுகுரியு மாரு' என்ற ஜப்பானியப் படகில் 23 பேர். மேற்கு வானம் சூரியன் எழுந்ததுபோல் வெளுத்தது. சில மணி நேரத்தில் வெள்ளைச் சாம்பல் கொட்டியது. வெந்து பொடிந்த, கதிரியக்கம் ஏறிய பவளத் தூள் அது. தூண்டில் கயிறுகளை இழுத்து முடிக்கும்வரை அந்தச் சாம்பலிலேயே நின்றார்கள். யாய்சு துறைமுகத்துக்குத் திரும்பியபோது முகம் கறுத்திருந்தது, முடி கொட்டியது. நாடு முழுக்கச் சூரை மீனைக் கண்டாலே மக்கள் பயந்தார்கள்.

அதே ஆண்டு டோஹோ நிறுவனம் எடுத்த, குண்டுச் சோதனையால் எழும் பூதத்தின் படம்தான் 'கோட்ஜில்லா'. இயக்குநர் இஷிரோ ஹோண்டா, சீனப் போர்முனையிலிருந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவின் சாம்பல் மேட்டைக் கண்ணால் பார்த்தவர். ரப்பர் உடைப் பூதம் என்று இந்தப் படத்தை ஒதுக்குபவர்கள் முதல் காட்சியை மறுபடி பார்க்க வேண்டும். கப்பல் தளத்தில் மாலுமிகள் கிடாரும் மவுத் ஆர்கனும் வாசித்து இளைப்பாறுகிறார்கள். திடீரென்று கடல் வெளிச்சமாய் வெடிக்கிறது. கப்பல் பற்றி எரிய, வானொலி இயக்குபவர் அபாயச் செய்தியைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

ஃபுகுரியு மாருவின் வானொலி இயக்குபவர் பெயர் அய்கிச்சி குபோயாமா. படப்பிடிப்பு நடந்த மாதங்களில் அவர் டோக்கியோ மருத்துவமனையில் கிடந்தார். செப்டம்பர் 23 அன்று இறந்தார். படம் நவம்பர் 3 அன்று வெளியானது. இடையில் 41 நாட்கள்தான். அந்தக் காட்சியை அன்றைய ஜப்பானியர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு கனக்கிறது.

இன்னொரு காட்சி. ரயிலில் ஒரு பெண், கதிரியக்கச் சூரை, கதிரியக்க மழை, இப்போது கோட்ஜில்லாவுமா என்று சலித்துக்கொள்கிறாள். நாகசாகியில் உயிர் தப்பியவள் அவள். ஒரு நிமிடம்கூட நீளாத பேச்சு. பூதத்தின் அத்தனை கர்ஜனையையும்விட இதுதான் படத்தின் உயிர் என்பேன்.

1956-ல் அமெரிக்காவில் திரையிட்ட பதிப்பில் ரேமண்ட் பர் என்ற நடிகரைச் செய்தியாளராக நுழைத்தார்கள். ரயில் பெண்ணின் பேச்சை வெட்டிவிட்டார்கள். ஹோண்டாவின் மூலப்படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் பரவலாகப் போய்ச் சேர 2004 ஆயிற்று.

(தொடரும்)