வள்ளத்தில் அளந்த வருஷம்

சுதந்திர இந்தியாவின் முதல் வரவுசெலவுத் திட்டத்தை 1947 நவம்பர் 26 அன்று வாசித்தவர் ஒரு கோவைக்காரர். ஆர். கே. சண்முகம் செட்டியாரை நம்மில் பலர் தமிழிசை இயக்கத்தின் பெயராலும், சிலப்பதிகாரப் புகார்க்காண்டத்துக்கு அவர் எழுதிய உரையாலும் அறிந்திருப்போம். குலம் தரு வான்பொருள் குன்றத்தைத் தொலைத்துவிட்டு வந்து நிற்கும் ஒரு வணிகனின் கதைக்கு உரை எழுதியவரே ஒரு தேசத்தின் முதல் நிதியமைச்சரானார் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது. அன்று அவர் காட்டிய கணக்கு ஏழரை மாதங்களுக்கு உரியது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி. இருபத்தாறு கோடிக்கு மேல் துண்டு விழுந்தது. அரசு கடன் வாங்கலாம், வரியை உயர்த்தலாம், நோட்டும் அடிக்கலாம். ஆகவே துண்டு விழும் கணக்கையும் அரசு தைரியமாகச் சபையில் படித்துவிடலாம்.

அதே மாவட்டத்தில் ஐந்து ஏக்கர் புஞ்சையும் ஒரு கிணறும் வைத்திருந்த குடும்பத்துக்கு இந்த வசதி இல்லை. கொங்கு நாட்டாரின் சிக்கனம் பற்றி வேடிக்கையாகவும் வியப்பாகவும் பேசுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். அதை ஒரு சாதியின் பிறவிக்குணம் என்றே எழுதிவிடுகிறவர்களும் உண்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. அந்தச் சிக்கனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதன் கணக்கில் துண்டு விழுந்த ஆண்டுகளில் அத்துண்டு யார் தலையில் விழுந்தது என்பதும் அவ்வரலாற்றின் பகுதிதான்.

முதலில், வருஷம் எப்போது தொடங்குகிறது என்பதே இங்கு எளிய கேள்வி இல்லை. பஞ்சாங்கத்துக்குச் சித்திரை. தாலுகா அலுவலகத்துக்குப் பசலி ஆண்டு, அது ஜூலை 1. இன்றும் ஜமாபந்தி பசலிக் கணக்கில்தான் நடக்கிறது. அரசின் நிதியாண்டு 1867 முதல் ஏப்ரல் 1. பண்ணையம் செய்கிற வீட்டுக்கோ இவை மூன்றுமே இரண்டாம்பட்சம். சோளமும் கம்பும் களத்துக்கு வந்து, தூற்றி, வள்ளத்தால் அளந்து முடித்த அன்றுதான் அடுத்த ஆண்டின் திட்டம் உருவாகும். அந்தத் திட்டம் தாளில் எழுதப்பட்டதல்ல, குவியல் குவியலாகப் பிரிக்கப்பட்டது. விதைக்கு ஒரு பங்கு. தச்சர், குயவர், நாவிதர், வண்ணார் ஆகியோருக்குக் களத்திலேயே கொடுத்தாக வேண்டிய பங்கு. ஆளுக்காரருக்கு மாதாமாதம் அளக்க வேண்டியது. வீட்டுச் சாப்பாட்டுக்கு அடுத்த அறுவடை வரைக்கும். இவை போக மிஞ்சியதுதான் சந்தைக்கு. உப்பும் துணியும் கருவாடும் கிஸ்தியும் அந்த மிச்சத்திலிருந்தே வந்தாக வேண்டும்.

இந்த வரிசையில் இரண்டு கவனிக்கத்தக்கவை. ஒன்று, விளைந்தது எல்லாம் அந்த ஆண்டுக்கே உரியதன்று. நல்ல விளைச்சல் கண்ட ஆண்டில் ஒரு பகுதி தானியக்குழிக்குள் போகும். குழியின் வாயை மூடி மண்ணிட்டு மெழுகிவிட்டால் அது இல்லை என்றே கணக்கு. இரண்டு, மாட்டின் பங்கு. சோளத்தட்டை அடுக்கி வைத்த தட்டுப்போரின் உயரத்தைக் கொண்டே ஒரு வீட்டின் அடுத்த கோடையை ஊரார் கணித்துவிடுவார்கள். மனிதர்கள் களியைக் கூழாகக் கரைத்துக் குடித்து நாளை ஓட்டலாம். மாட்டுக்கு அப்படிக் கரைத்து ஊற்ற முடியாது. மாடு படுத்தால் கிணற்றில் தண்ணீர் இருந்தும் பயனில்லை.

இத்தனை முன்னெச்சரிக்கைக்கும் காரணம் வானம். மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கிற சமவெளி இது. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வரும், மழை அவ்வளவாக வராது. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையை நம்பியிருப்பது. 1876 இல் அந்த ஐப்பசி மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிவந்தது அதைத்தான். கோயம்புத்தூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 1871 கணக்கெடுப்பில் சுமார் 17.6 லட்சம், 1881 இல் சுமார் 16.6 லட்சம். பத்தாண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய தொகை ஒரு லட்சம் குறைந்து நிற்கிறது. தானியக்குழி வைத்திருந்த வீடுகள் பெரும்பாலும் பிழைத்திருக்கும். குழி இல்லாதவர்கள் யார் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பஞ்சத்துக்குப் பத்தாண்டு கழித்து, 1887 இல், கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு வெளிவந்தது. தொகுத்தவர் எஃப். ஏ. நிக்கல்சன். பிற்காலத்தில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு அடித்தளமிட்டவராகப் பேசப்படுகிறவரும் இவரே. கோவையின் கிணறுகளையும் கடன்களையும் நெருங்கிக் கண்ட இந்த அதிகாரியிடம் அரசு பிறகு ஒரு வேலையை ஒப்படைத்தது: உழவர்களுக்கான வங்கிகள் சாத்தியமா என்று ஆராய்ந்து சொல்வது. 1895 இலும் 1897 இலும் இரு பகுதிகளாக வந்த அவரது அறிக்கை ஜெர்மனியின் ரைஃபைசனைக் கைகாட்டியது. 1846–47 இன் பஞ்சக் குளிர்காலத்தில் வேயர்புஷ் என்ற சிற்றூரின் தலைவராக இருந்து, ஊராரைத் திரட்டி மாவு வாங்கி ரொட்டி சுட்டுக் கடனுக்குக் கொடுத்தவர் ரைஃபைசன். அதிலிருந்து கிராமக் கடன் சங்கங்கள் வரை போனவர். தனித்தனியே சேமிக்க முடியாத ஏழைகள் ஒருவருக்கொருவர் பிணைநின்று சேமிக்கலாம் என்பதே அதன் சாரம். 1904 இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபோது நிக்கல்சனின் அறிக்கை அதற்குப் பின்னணியாக இருந்தது.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் நகர மனமில்லை. அந்தச் சங்கங்களின் ஒரு வகைக்குத் தமிழில் அமைந்த பெயர் 'சிக்கன நாணயச் சங்கம்'. இன்றும் பல ஆலைகளின், அலுவலகங்களின் வாசலில் அப்பலகையைக் காணலாம். கடன்தகுதி என்று சொல்ல வேண்டிய இடத்தில் நாணயம் என்று போட்ட அந்த அநாமதேய மொழிபெயர்ப்பாளர் மகாகெட்டிக்காரர். காசு, வாக்குத் தவறாமை என்ற இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்.

கடனும் சேமிப்பும் போய் விழுந்த இடம் பெரும்பாலும் ஒன்றே: கிணறு. கொங்குச் சிக்கனத்தைப் பற்றிப் பேசுவோர் சேர்த்த பணம் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. வயிற்றைக் கட்டி மிச்சப்படுத்தியதைப் பாறைக்குள் வெடிவைத்துச் செலவழித்தார்கள் என்பதே நேரான விடை. பாறையை இன்னும் ஓர் ஆள் ஆழம் குடைந்தால் ஊற்றுக் கண் திறக்கலாம், திறக்காமலும் போகலாம். ஆண்டுத் திட்டத்தில் அறிந்தே ஏற்கும் சூதாட்டம் அது ஒன்றுதான். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்பாட்டுக்கு இங்கே கவலை என்று பெயர். மற்ற இடங்களில் கமலை என்பார்கள். சரிவுப் பாதையில் இரண்டு எருதுகள் முன்னும் பின்னுமாக நடக்க, வடக்கயிற்றில் சால் ஏறி இறங்கும். விடியுமுன்னே கவலை ஓட்டத் தொடங்கி வெயிலேறும் வரை ஓட்டினாலும் பாய்வது கொஞ்ச நிலமே. வேர்ச்சொல் எதுவாகவும் இருக்கட்டும், மனக்கவலைக்கும் இதற்கும் ஒரே பெயர் என்பதை அந்த மக்கள் கவனிக்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

1930களில் பைகாரா மின்சாரம் சமவெளிக்கு இறங்கியது. மெல்ல மெல்ல எருதின் இடத்தில் மோட்டார் வந்தது. கம்பு நிலங்களில் பருத்தி பரவியது, பருத்தியை வாங்க ஆலைகள் இருந்தன. வீட்டுக் கணக்கு வள்ளத்திலிருந்து ரூபாய்க்கு மாறியது இக்காலத்தில்தான். எருதுக்குத் தட்டு தன் காட்டிலேயே விளையும். மோட்டாருக்கு மாதாமாதம் ரொக்கம் வேண்டும். 1970 இல் மின்கட்டணம் யூனிட்டுக்குச் சில பைசாக்கள் உயர்ந்தபோது கோவை வட்டாரம் கொந்தளித்ததன் பொருள் இதுவே. வையம்பாளையம் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் உழவர்கள் திரண்டார்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் காவல்துறை சுட்டதில் மூவர் இறந்தனர். 1972 இல் மாட்டுவண்டிகளை ஓட்டிவந்து கோவை நகரின் சாலைகளை அடைத்தார்கள். பைசாவுக்காகவா உயிரை விட்டார்கள் என்று நகரத்தில் சிலர் கேட்டிருக்கக்கூடும். ஒவ்வொரு வரியும் இறுகக் கட்டப்பட்ட ஒரு கணக்கில் பைசாவுக்கு ஒதுங்கி நிற்க இடம் இல்லை. வேளாண்மைக்கு முழு இலவச மின்சாரம் வந்தது 1990 இல். அதற்கு ஆறாண்டு முன்பே நாராயணசாமி நாயுடு மறைந்துவிட்டார்.

இதுவரை சொன்னது நிலம் வைத்திருந்தவர் கணக்கு. அதற்குள்ளேயே இன்னொரு கணக்கு இருந்தது. நெல்லுச்சோறு நோம்பிக்கு மட்டும், மற்ற நாளில் சோளச்சோறும் களியும் கொள்ளுக் கடைசலும் என்ற முடிவு ஆண்களால் எடுக்கப்பட்டாலும் நிறைவேற்றியது அடுக்களை. மோர், முட்டை, எருமுட்டை ஆகியவை விற்ற சில்லறையைப் பெண்கள் தனியே ஒளித்து வைத்தார்கள். சிறுவாடு என்று அதற்குப் பெயர். குடும்ப வரவில் சேராத, கணவன் அறியாத, ஆனால் விதைப்புக்குக் கை கடிக்கும்போது மட்டும் 'எங்கிருந்தோ' வெளிவருகிற பணம். இதைப் பெண்களின் சாமர்த்தியம் என்று மெச்சுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். வீட்டின் பெரிய கணக்கில் தனக்கென ஒரு வரி இல்லாதவர்தானே இப்படிச் சின்னக் கணக்கு ஒன்றை மறைவாக வைத்துக்கொள்ள நேர்கிறது? ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942 இல் வெளிவந்தது. கணவனை இழந்த ஒருத்தி கூட்டுக் குடும்பத்தில் தன் பங்கைக் கேட்கிறாள், அவ்வளவுதான் கதை. பங்கு என்ற சொல் எழுந்ததுமே அந்தச் சிக்கனமான, உழைப்பாளியான, ஊர் மெச்சும் குடும்பம் எதுவரை போகிறது என்பதை வாசித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

களத்தில் மூன்றாவதாகச் சொன்ன குவியல் ஒன்று இருந்தது, ஆளுக்காரருக்கு அளப்பது. பெரும்பாலும் மாதாரிகள். ஆண்டுக்கு இவ்வளவு என்று பேசி, முன்பணம் கொடுத்து, மாதக் கம்பு அளந்து வைத்துக்கொள்ளப்பட்டவர்கள். சிறுவர்கள் ஆடு மேய்க்க விடப்படுவதும் அதே ஏற்பாட்டில்தான். பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' (2000) அப்படி விடப்பட்ட ஒரு பையனின் உலகம். நிலக்காரர் வீட்டுத் திட்டத்தில் இந்தக் கூலி ஒரு செலவுவரி. மழை பொய்த்த ஆண்டில் மாட்டின் தீனியைக் குறைக்க இயலாது, கிஸ்தியைக் குறைக்க இயலாது, விதையைத் தொட இயலாது. குறைக்கக்கூடியதாக மிஞ்சியவை இரண்டு: அடுக்களையின் அளவும் ஆளுக்காரரின் அளவும். அந்தப் பக்கம் நின்று பார்த்தால், வருஷத் திட்டம் என்பதற்கே பொருள் இல்லை. வருஷம் முழுவதும் ஏற்கெனவே விற்கப்பட்டுவிட்டது. வாங்கிய முன்பணம் கழியாமல் அடுத்த வருஷமும் சேர்ந்து விற்கப்படும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976 இல் வந்தது.

திருப்பூரின் பின்னலாடை முதலாளிகளாக உயர்ந்த கவுண்டர்களைப் பற்றி ஷரத் சாரி எழுதிய ஆய்வு நூல் 2004 இல் வெளியானது. எப்படி முன்னுக்கு வந்தீர்கள் என்ற கேள்விக்கு அவர்கள் சொன்ன சொல் 'உழைப்பு'. அதை அவர் பொய்யென்று தள்ளவில்லை, நாமும் தள்ள வேண்டியதில்லை. அதிகாலையில் கவலை ஓட்டிய கைகள்தாம் அவை. ஆனால் காட்டில் ஆளை வைத்து வேலை வாங்கிப் பழகிய முறையும் அக்கைகளோடு பட்டறைக்குள் வந்தது என்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

அது எவ்வளவு தூரம் வந்தது என்பதற்கு ஒரு சான்று. 1990களின் பிற்பகுதியிலிருந்து கோவை, திருப்பூர், திண்டுக்கல் பகுதி நூற்பாலைகள் பலவற்றில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்த்தார்கள். தங்க விடுதி, உண்ணச் சோறு, கைச்செலவுக்குக் கொஞ்சம். பெரிய தொகை, முப்பதாயிரமோ ஐம்பதாயிரமோ, மூன்றாண்டு முடிந்த பிறகு மொத்தமாக, கல்யாணச் செலவுக்கு. இடையில் நோயுற்றோ சகிக்க முடியாமலோ வெளியேறியவர்கள் பலருக்கு அத்தொகை கிடைக்கவில்லை என்று விசாரணை அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. வந்தவர்களில் தென்மாவட்டத்துத் தலித் குடும்பத்துப் பெண்கள் ஏராளம். சிறுவாட்டையும் ஆளுக்காரர் முன்பணத்தையும் ஒன்றாகப் பிசைந்தது போன்ற அந்த ஏற்பாட்டைப் பெற்றோரிடம் சேமிப்பு என்றுதான் சொன்னார்கள். அதற்கு இட்ட பெயர் 'சுமங்கலித் திட்டம்'.